பனியன் கம்பெனிக்குள் ஒரு கோயில்

தொண்ணூறுகளின் தொடக்கம். ஒரு ஞாயிறு, விடிகாலை ஐந்து மணிக்குக் கரூரில் திருப்பூர் வண்டி ஏறினேன். டிக்கெட் பதினோரு ரூபாய். ஜன்னலோரம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை.

போன காரியம் அப்படி. மஸ்கட்டில் தம்பி மனைவிக்குப் பிரசவ நேரம். அம்மா போயாக வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டால், பள்ளிச் சான்றிதழில் கன்னியம்மாள், ரேஷன் கார்டில் கிரேஸ், இருவரும் ஒருத்திதான் என்பதற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டுவிட்டார்கள். பெற்ற மகள் நான் சொன்னால் போதாதாம்! அம்மா ஞானஸ்நானம் பெற்று, அதே வாரம் கல்யாணமும் செய்துகொண்ட திருப்பூர் மெதடிஸ்ட் கோயிலின் பதிவேட்டில் மட்டும்தான் இரண்டு பெயரும் ஒரே வரியில் இருக்கின்றன.

வெள்ளக்கோவில், காங்கயம் தாண்டித் திருப்பூரை அடைந்தபோது மணி எட்டரை. டவுன் பஸ்ஸில் எழுபத்தைந்து காசு கொடுத்து வீரபாண்டிக்கு அப்பால் இறங்கினேன். சாக்கடையில் சாயத் தண்ணீர் அன்றைக்கு ஊதா நிறத்தில் ஓடியது.

வேப்பமரத்தடியில் ஓட்டுக் கட்டடம், அதுதான் அம்மா சொன்ன அடையாளம். மரம் இருந்தது. கட்டடத்தைக் காணோம். அடுக்கிய ஓடுகளும் பாதி எழும்பிய தூண்களும்தான். தூண்களைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஓடுகளுக்குக் காவல் இருந்த பெண், "பயந்துக்காதீங்க, இடிச்சுக் கட்டறாங்க. ஆராதனை எதுத்தாப்ல காதர் பாய் கம்பெனிலீங்க" என்றாள்.

ஞாயிறு மெஷின்களுக்கு விடுமுறை. பாய் தன் கட்டிங் ஹாலையே கொடுத்திருந்தார். துணி ரோல்கள்தான் பெஞ்சுகள். நீளமான கட்டிங் மேசை ஒன்று பீடமாகியிருந்தது. அதன்மேல் வெள்ளைப் பனியன் துணி மூடிய மேடையில் சிலுவை நின்றது. ஆராதனைக்கு முன் ஆயர் கோயிலின் கதையைச் சொன்னார். முதலில் கீற்றுக் கொட்டகை. ஓர் ஆடிக் காற்று அதைக் கொண்டுபோனது. பிறகு சபையார் தாங்களே சுண்ணாம்பு அரைத்து எழுப்பிய ஓட்டுக் கோயில். பருத்திக்காட்டுக்குப் போனவர்கள் பனியன் கம்பெனிக்குப் போகத் தொடங்க, வெளியூர்க்காரர்களும் வந்து சேர, நிற்க இடமில்லை. அதனால் மூன்றாவதாக இந்தக் கான்கிரீட். எனக்கோ கதையில் காது பாதிதான். பதிவேடு பத்திரமாக இருக்கட்டும் ஆண்டவரே என்று சிலுவையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரைக்கு ஆசீர்வாதம் முடிந்தது. பதிவேட்டைக் கேட்டேன். ஹாலின் மூலைக்குப் போன ஆயர் அங்கேயே நின்றுவிட்டார்.

"இங்கதானுங்க வச்சேன். கரையானுக்குப் பயந்து எல்லாப் பதிவேட்டையும் பாய் குடுத்த அட்டைப்பெட்டில போட்டு டேப் ஒட்டி..."

"என்ன மாதிரிப் பெட்டிங்க?" என்றேன்.

"எக்ஸ்போர்ட் பெட்டிதானுங்க."

நேற்று மாலை அதே மாதிரிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போயிருக்கிறது என்றும் அவரே சொன்னார்! அம்மா மஸ்கட் போகுமுன் அம்மாவின் கல்யாணம் கப்பலேறிவிட்டதா? எனக்கு வந்த கோபத்தில், "ஒரு சபையோட சரித்திரத்தை இப்படியா வைப்பீங்க?" என்று கத்தியே விட்டேன். ஆயர் காதர் பாய்க்கு ஆள் அனுப்பினார்.

தகவல் கேட்டு ஓடி வந்த காதர் பாய் என்னைத்தான் முதலில் சமாதானப்படுத்தினார். "பதறாதீங்க அம்மிணி. பேக்கிங் லிஸ்ட்டப் பாத்து நாந்தான் ஏத்துனேன். ஒரு பெட்டி அதிகமா இருந்தா வண்டிய உட்டிருப்பனா? இங்கதான் எங்கியோ இருக்குதுங்க."

தேடினோம். ரோல்களை உருட்டினோம், பஞ்சுத் தூசியில் தும்மினோம். ஆராதனைப் பாத்திரங்களைக் கழுவிவிட்டு உள்ளே வந்த ஆயரம்மா, "என்ன தேடறீங்க?" என்றார். சொன்னோம். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பின்னாடி ரோல்ல உக்காந்தவங்களுக்குச் சிலுவை தெரியலைன்னாங்க. கனமா ஒரு பெட்டி கெடந்துச்சு, நாந்தானுங்க..."

சிலுவையை இறக்கித் துணியை விலக்கினார். பெட்டி!

அப்பாடா! ரோலில் உட்கார்ந்தேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. மூன்றாவது பதிவேட்டில், மங்கிய நீல மையில், 'கன்னியம்மாள் என்கிற கிரேஸ்'. பக்கத்தில் அம்மாவின் கோணல் கையெழுத்து. ஆயர் நகல் எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்திட்டுத் தந்தார். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். பாய் டீ வரவழைத்தார்.

கரூரில் எங்கள் கோயிலில் பதிவேடுகளுக்கென்றே இரும்புப் பீரோ உண்டு. பூட்டும் உண்டு. சாவி யாரிடம் என்பதுதான் தெரியாது. அதை நினைத்துப் பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா காகிதத்தைக் கேட்கவில்லை.

"கோயில் எப்படி இருக்குது கண்ணு?"

"கோயில் இல்லம்மா, இடிச்சிட்டாங்க. இனிமேதான் எழும்பணும்" என்று நகலை அவள் கையில் வைத்தேன். "ஆனா பதிவேட்டுல நீ இருக்கறே."