தங்கையின் தறிக்குழி

இருபத்தாறு வருடம் நான் குழி வெட்டிப் பிழைத்தவன். ராஜஸ்தானில், பாலைவனத்தின் விளிம்பில், மண் ஆய்வு செய்யும் ஓர் அலுவலகத்தில் களப்பணியாளர் வேலை. ஜீப்பில் கொண்டுபோய் ஏதாவது ஒரு பொட்டலில் இறக்கிவிடுவார்கள். அங்கே குழி வெட்டி, அதன் சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மேலிருந்து கீழே மண் எப்படி மாறுகிறது என்று பார்த்து எழுத வேண்டும். ஆரணியில் பட்டு நெய்கிற குடும்பத்தில் பிறந்தவன் இந்த வேலைக்கு எப்படிப் போனாய் என்று கேட்காதவர் இல்லை. பரீட்சை எழுதினேன், கிடைத்தது, போனேன். அதற்கு மேல் அதில் கதை எதுவும் கிடையாது.

பாலைவனம் என்றதும் எல்லோருக்கும் மணல்மேடுதான் ஞாபகம் வருகிறது. நான் இருந்த பக்கம் மணல்மேடு குறைவு, கருங்கல் பாறைதான் அதிகம். அந்தப் பாறையின் மேல் ஒரு சாண், மிஞ்சிப்போனால் ஒரு முழம் மண் இருக்கும். விரலில் எடுத்துத் தேய்த்தால் கல் உப்பைத் தேய்த்ததுபோல நறநறக்கும். பகலில் வெந்து, ராத்திரியில் குளிர்ந்து, பாறையே பொடிந்து உதிர்ந்த பருக்கைகள் அவை. தரைமேல் பொடிக்கற்கள் பரவிக் கிடக்கும். மெல்லிய மண்ணையெல்லாம் காற்று கொண்டுபோக, மிச்சம் நின்றது அதுதான். இலை தழை மக்கி வருகிற கறுப்பை அதில் தேடினாலும் காண முடியாது. அடியில் கையாலேயே உதிர்த்துவிடக்கூடிய மக்கிய கல், அந்தக் கல்லின் அடிப்பக்கத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு. ஒரு சொட்டு அமிலம் விட்டால் சோடாவைப்போலப் பொங்கும். அதற்கும் கீழே கடப்பாரை ணங்கென்று சத்தம் கொடுத்தால் அன்றைய வேலை முடிந்தது.

இந்த மண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு. மேலே தரை சமமாகத் தெரியும், ஆனால் கீழே பாறை மேடும் பள்ளமுமாகப் போகும். இங்கே ஒரு சாணில் பாறை தட்டினால் பத்தடி தள்ளி இடுப்பளவு மண் இருக்கும். பெய்கிற கொஞ்ச மழையும் பாறைமேல் வழிந்து அந்தப் பள்ளத்துக்குத்தான் போய்ச் சேரும். பொட்டலில் ஒரு வேலமரம் தனியாக நின்றால் அதன் அடியில் பள்ளம் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அப்படிப்பட்ட மரத்தின் கீழேதான் தினமும் என் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பேன். கூட உட்கார ஆள் இல்லை. அந்த நாட்களில் காலையிலிருந்து சாயங்காலம்வரை நான் பேசிய வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிகாரி ஆழம் கேட்பார், சொல்வேன். நிறம் கேட்பார், சொல்வேன். கேட்காததைச் சொன்னால் நோட்டில் எழுது என்பார். வருஷக்கணக்கில் அப்படியே இருந்து, கேட்டால் மட்டும் பேசுகிற ஆளாக ஆகிவிட்டேன். அது ஒரு நல்ல குணம் என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஆரணிக்கே திரும்பி, ஒரு விசைத்தறிக் கூடத்தின் மாடியில் ஓர் அறை பிடித்தேன். கீழே தறிகள் ஓடும்போது என் கட்டிலே நடுங்கும். ஞாயிற்றுக்கிழமை தறி நின்றுவிட்டால் அந்த அமைதி எனக்குத் தாங்காது. சட்டையை மாட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறிச் சேவூருக்குப் போய்விடுவேன். அங்கே என் தங்கை இருக்கிறாள். இந்த ஊரில் எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான்.

அவள் பட்டு நெய்கிறவள். புருஷன் களம்பூரில் அரிசி மில் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். வாடகை வீட்டில் தறி போட்டிருந்தாள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். மற்றவர்களானால் கட்டிலையும் பீரோவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். தரையில் குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு மிதி மிதித்து நெய்கிறவர்களுக்கு அது முடியாது. போகிற இடத்திலும் குழி வேண்டும், வாடகைக்கு விடுகிறவர்கள் யாரும் தங்கள் தரையைத் தோண்ட விடமாட்டார்கள். அதனால் சொந்தமாக மூன்று சென்ட் வாங்கினாள், ஊருக்கு வெளியே, மலைச்சரிவு தொடங்குகிற இடத்தில்.

வாங்கும்போது அவள் என்னைக் கேட்கவில்லை. இருபத்தாறு வருடம் மண்ணைப் பார்த்துக் கிடந்த அண்ணன் பஸ்ஸில் கால்மணி நேரத் தூரத்தில் இருக்கிறான், அவள் போய் வீடு கட்டுகிற மேஸ்திரியைக் கேட்டிருக்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

எங்கள் ஆட்களுக்கு மனை பார்ப்பது என்றால் தறிக்குழி இறங்குமா என்று பார்ப்பதுதான். முதலில் குழி, பிறகுதான் சுவர். அந்த மனையில் முதல் இரண்டு இடத்திலும் ஒரு சாணிலேயே பாறை தட்டிவிட்டது. மூன்றாவது இடத்தில் கடப்பாரை வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. எல்லோருக்கும் ஏக சந்தோஷம். தறி இங்கே என்று முடிவாகி, அதற்கு ஏற்றபடி வாசலையும் அடுப்படியையும் திருப்பிப் போட்டுக் கோடு கிழித்தார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்து, கற்பூரம் காட்டி, குழியை ஆழப்படுத்தினார்கள். என் தங்கை விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு அளவு பார்த்தாள். பாதம் அடியில் படிந்ததும் சின்னப் பிள்ளைபோலச் சிரித்தாள்.

நான் பக்கத்தில் நின்றிருந்தேன். வெட்டிப்போட்ட மண்ணில் ஒரு கட்டியை எடுத்து, எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். பழக்கதோஷம். நான் பார்த்துப் பழகிய அதே மண்தான், இங்கே மழை கூடுதல் என்பதால் இன்னும் கொஞ்சம் சிவப்பு. ஆனால் அடிமண்ணில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளிகளும் சாம்பல் நிறக் கோடுகளும் இருந்தன. தண்ணீர் தேங்கி நிற்கிற இடத்தில்தான் மண் அந்த நிறத்துக்கு மாறும். குழி இறங்கியதே அங்கே பாறை பள்ளமாக இருப்பதால்தான், அந்தச் சரிவில் பெய்கிற மழையெல்லாம் வந்து சேருவதும் அதே பள்ளத்துக்குத்தான். ஒரு நிமிஷத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் மேஸ்திரி என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னா சார், மண்ண ருசி பாக்கறீங்களா? உப்பு ஒறப்பு சரியா கீதா?"

"அவுர உடுங்க மேஸ்திரி," என்றாள் என் தங்கை. "எங்க அண்ணனுக்கு மண்ணுதான் பொண்டாட்டி. கண்டா தொடாம இருக்க மாட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன். அவள் கேலியில் விஷம் ஒன்றும் இல்லை, அது எனக்கு அப்போதே தெரியும். இருந்தாலும் பொல்லாத ரோஷம் வந்துவிட்டது. கேட்கட்டும், கேட்டால் சொல்கிறேன் என்று இருந்துவிட்டேன்.

அவள் கேட்கவில்லை. சுவர் எழுந்தது, மேலே ஷீட் போட்டார்கள், கிரகப்பிரவேசத்துக்கு நான் போய்ப் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்தேன். அந்த வருஷம் வெயில் நீண்டது. ஒருவேளை நான் நினைத்தது தப்போ என்றுகூட எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தப்பில்லை என்று உள்ளே தெரியும்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலையில் போன் வந்தது.

"ண்ணா, கொஞ்சம் ஜல்தியா வாயேன். தறிக்குழில தண்ணி ஊறிகினே கீது. நானும் மொண்டு மொண்டு ஊத்திகினு கீறேன், கொறையவே மாட்டேங்குது."

போனேன். புருஷன் லாரியோடு வெளியூரில். தறியில் ஏற்றியிருந்த கல்யாணப் புடவையின் பாவு நூலைப் பிளாஸ்டிக் கவரால் சுற்றி, கயிறு போட்டு மேலே தூக்கிக் கட்டியிருந்தாள். பட்டு தப்பித்துவிட்டது. மிதிக்கட்டைகள் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்று பிளாஸ்டிக் மக்கால் மொண்டு பக்கெட்டில் ஊற்றிக்கொண்டிருந்தாள். உள்ளங்கையெல்லாம் ஊறி வெளுத்திருந்தது.

"எங்கருந்துணா வருது? கூரை ஒழுவல. செவுரும் நனையல. பேஜாரா கீது."

அவள் என்னிடம் மண்ணைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நிமிஷத்தில் எனக்குச் சந்தோஷம் பொங்கியது. ஒரு செங்கல் துண்டை எடுத்துச் சிமெண்டுத் தரையில் படம் போட்டேன். இது மலை, இது மேல்மண், இது பாறை.

"இந்த மண்ணு ஒரு சாணு. எவ்ளோ தண்ணிய குடிக்கும்? கொஞ்சூண்டு குடிச்சிட்டு உட்டுடும். மீதி எங்க போவும்? பாறைக்குள்ள எறங்க முடியாது. மண்ணுக்கும் பாறைக்கும் நடுவுல, பாறை மேலயே ஊர்ந்துகினு வரும். எங்க பள்ளம் கீதோ அங்க வந்து நிக்கும். உன் குழி அந்தப் பள்ளத்துல கீது."

மொள்வதை நிறுத்திவிட்டு அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் இன்னும் சொன்னேன். பாலைவனத்தில் பார்த்த குழிகளைச் சொன்னேன், தனியாக நின்ற மரத்தைச் சொன்னேன். ஒரு மனுஷி என் முகத்தைப் பார்த்து இவ்வளவு நேரம் நான் பேசுவதைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று என்று நினைத்தேன். எனக்கு நிறுத்தத் தோன்றவில்லை.

"எங்களுக்கு இன்னா தெரியும் இதெல்லாம்," என்றாள் அவள்.

"இதுல தெரியறதுக்கு இன்னா கீது? அன்னிக்கே அடிமண்ணுல துருப் புள்ளி இருந்துச்சே. தண்ணி நிக்கற எடத்துலதான் அது வரும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.

"என்னிக்கு? குழி வெட்டின அன்னிக்கா?"

தலையாட்டினேன்.

"நீ பாத்தியா?"

"நீ கேக்கலியே," என்றேன்.

என் ஆயுசில் நான் சொன்ன வார்த்தைகளிலேயே அற்பமானது அதுதான். அவள் சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. தண்ணீருக்குள் நின்றபடியே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா கேக்கணும்னு தெரிஞ்சாத்தானேணா நான் கேப்பேன்?"

அதோடு குனிந்து மறுபடியும் மொள்ள ஆரம்பித்துவிட்டாள். நானும் ஒரு பக்கெட்டை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டினேன். மத்தியானம்வரை அவள் மொள்ள மொள்ள நான் கொட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கிய பிறகு டீ போட்டுக் கொடுத்தாள். வழக்கமாக, போய் நீயே ஊற்றிக்கோ என்று அடுப்படியைக் காட்டுகிறவள், அன்றைக்கு அலமாரியில் விருந்தாளிக்கு வைத்திருக்கும் கண்ணாடித் தம்ளரில் ஊற்றித் தட்டில் வைத்துக் கொடுத்தாள். அதைக் குடித்து முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

பிறகு பத்து நாள் போன் இல்லை. மழை விட்டதும் நானே கடப்பாரையும் மண்வெட்டியும் வாங்கிக்கொண்டு போனேன். வீட்டுக்குப் பின்னால் அவளும் மேஸ்திரியின் ஆள் ஒருவரும் கால்வாய் வெட்டத் தயாராக நின்றிருந்தார்கள். மேலிருந்து வரும் தண்ணீரை மடக்கி வெளியே திருப்புவதற்காக, சுவரிலிருந்து மூன்றடி தள்ளிச் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தது. மேஸ்திரி போட்ட கோடு. பார்த்ததுமே அது உதவாது என்று தெரிந்தது. இந்தத் தடவை யார் கேட்பதற்கும் நான் காத்திருக்கவில்லை.

"இங்க வாணாம்மா. இங்க பாறை ஆழத்துல கீது, தண்ணி கால்வாய்க்கு அடியால பூந்து வந்துடும். இன்னும் பதினஞ்சடி மேல போ. அங்க ஒரு சாண்ல பாறை வரும். பாறை தட்டற வரைக்கும் அங்க வெட்டினா தண்ணி மொத்தத்தையும் மடக்கிடலாம்."

அவள் நான் காட்டிய இடத்தைப் பார்த்தாள். பிறகு சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தாள்.

"மேஸ்திரி சொன்ன எடத்துலயே இருக்கட்டும்ணா," என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் வாதாடியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், முன்பின் தெரியாதவர்களிடம் நாம் மரியாதையாக வேண்டாம் என்று சொல்வதுபோல. அடுத்த மழைக்கும் அந்தக் குழியில் தண்ணீர் வரும். வந்தால் அவள் எனக்குப் போன் செய்யமாட்டாள். மாடி அறைக்குத் திரும்பிப்போக எனக்கு மனம் வரவில்லை. சட்டையைக் கழற்றி வேலிமேல் போட்டுவிட்டு, மேஸ்திரியின் ஆளுக்குப் பக்கத்தில் போய் நின்று, அந்தக் கோட்டிலேயே வெட்ட ஆரம்பித்தேன்.