வெடித்தாலும் பூஜ்யம்

கொலம்பியாவில், சொகமோசோ மலைப்பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் ரூபியேலா செலி முதலில் தலைவிளக்குகளுக்கு சார்ஜ் ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாலை வகுப்பில் படித்துப் பாதுகாப்பு அலுவலரானார். அங்கே வேலைக்கு வந்து பத்தொன்பது ஆண்டுகள். பேச்சில் சிக்கனம், சிரிப்பில் தாராளம்.

அவருக்குத் தலைவலி ஒரே ஆள்தான், மேஸ்திரி அர்செனியோ. எட்டுப் பேரை உள்ளே இறக்கும் முன் வாயு மீட்டரைப் பார்க்கவே மாட்டார்.

“எதுக்கும்மா மீட்டரு? முப்பது வருஷ மூக்கு இருக்கு.”

“மீத்தேனுக்கு வாசனையே கிடையாது, அர்செனியோ.”

“நீங்க எடுக்குற பாதுகாப்பு வகுப்புலயும்தான் ஒண்ணும் கிடையாது. தூக்கம் மட்டும் சொக்குது.”

எட்டுப் பேரும் சிரித்தார்கள். ரூபியேலாவும் சிரித்தார். அன்று வீட்டில் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். அந்த எட்டுப் பேரில் ஒருவர்கூட மேலே வராத நாள் ஒன்று வரக்கூடும்.

வகுப்பைத் தூக்கிப் போட்டார். சனிக்கிழமை ஆட்கள் தேஹோ விளையாட்டு ஆடும் இடத்துக்கே போனார். அவர்கள் எப்படியும் அங்கேதான் கிடப்பார்கள். களிமண்ணில் ஒரு வளையம், அதன்மேல் வெடிமருந்துப் பொட்டலங்கள். தூரத்திலிருந்து இரும்புத் தட்டை வீசி வெடிக்க வைக்க வேண்டும். ஒரு கையில் தட்டு, மறு கையில் பீர்.

ரூபியேலா ஒரு விதி சேர்த்தார். ஒவ்வொரு வீச்சுக்கும் முன் ஒரு சீட்டைப் புரட்டுவார். அதில் மீத்தேன் வாயுவின் அளவு சதவீதத்தில் இருக்கும். ஆடுபவர் அதைப் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும். அளவு ஒரு சதவீதத்தைத் தொட்டால் வீசக் கூடாது.

கடைசி வீச்சு அர்செனியோவுடையது. சீட்டுப் பக்கம் திரும்பாமலே வீசினார். தட்டு நட்டநடுவில் இறங்கியது, பொட்டலமும் வெடித்தது. ஒன்பது புள்ளி! ஆட்கள் துள்ளிக் குதித்தார்கள்.

“பூஜ்யம்,” என்றார் ரூபியேலா. சீட்டில் 1.8.

“என்னது? வெடிச்சது ஊருக்கே கேட்டுச்சே!”

“உள்ளே வெடிச்சிருந்தாலும் கேட்டிருக்கும். உங்க வீட்டுக்காரிக்கும் சேர்த்து.”

சுரங்கத்தில் கரிவண்டி தள்ளும் நெல்சன் மெதுவாகக் கேட்டான்: “ஏண்ணே, முப்பது வருஷ மூக்குக்கு இன்னிக்கு ஜலதோஷமா?”

சிரிப்பில் கூரையே அதிர்ந்தது. அர்செனியோ முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் ரூபியேலாவின் அலுவலகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“மீட்டர்ல பேட்டரி தீந்து கெடக்கு! என்னம்மா பாதுகாப்பு அலுவலர் நீங்க? எட்டுப் பேரும் வாசல்ல குளிர்ல நடுங்கிட்டு நிக்கிறானுங்க. அளவு பாக்காம ஒருத்தனையும் இறக்க மாட்டேன், சொல்லிட்டேன்!”

ரூபியேலா புது பேட்டரியை எடுத்து நீட்டினார். அர்செனியோ திட்டிக்கொண்டேதான் போனார்.

அந்தத் திட்டை ரூபியேலா மாலையில் வீட்டில் வார்த்தை பிசகாமல் நடித்துக் காட்டினார். இரண்டு முறை.