பெயர் வாசித்த பிறகு வந்த கெப்டன்

ஹட்டனில் கடைக் கதவைப் பாதி தூக்கியிருந்தபோது மணியின் அழைப்பு வந்தது. "நம்ம கெப்டன் யோகராஜா தவறிட்டான்டா. நெஞ்சு வலிக்குதுன்னானாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலேயே முடிஞ்சிருச்சு." நான் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு?" என்பதுதான். ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே விளங்கவில்லை. மணியும் ஒழுங்காகப் பதில் சொன்னான்: "ஆறு மணிக்கு முன்னாடி."

அவனோடு விளையாடியவர்களுக்கு அந்த ஆறு மணி தெரியும். டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கரப்பந்தாட்ட அணி ஞாயிறுதோறும் காலையில் அந்த நேரத்துக்கு மைதானத்தில் நிற்க வேண்டும். காலைப் பெரட்டில் வேலையாட்களின் பெயரை வாசிப்பதுபோல, யோகராஜா ஒரு கொப்பியை விரித்து எங்கள் பெயர்களை வாசிப்பான். தன் பெயரையும் வாசித்து, தானே "இருக்கேன்" என்பான். நாங்கள் சிரிப்போம், அவன் சிரிக்க மாட்டான். வாசித்து முடித்த பிறகு வருகிறவனுக்கு அன்று விளையாட்டு இல்லை.

அவன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். ஒருமுறை மழையில் வழுக்கி விழுந்து பெரட்டுக்குப் பிந்தியதால், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு அவனை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். அவரை வாயில் வந்தபடி திட்டித் தீர்த்தான். அதே வார ஞாயிற்றுக்கிழமை, எங்களில் நன்றாக அடிக்கக்கூடிய மணி பிந்தி வந்தான். அவனை யோகராஜா திருப்பி அனுப்பினான்.

"நீயும் கண்டாக்காயிட்டியாடா?" என்று கேட்டேன்.

"அங்க அவரு நம்ம பேர வாசிக்கிறாரு. இங்க நாமளே வாசிச்சுக்கிறோம். ரெண்டும் ஒண்ணா?"

ஒன்றா, இல்லையா என்று நான் இன்றுவரை முடிவு செய்யவில்லை. ஆனால் மணி அதன்பின் பிந்தவே இல்லை. ஆளாளுக்குப் பந்தைத் தானே அடிக்கப் பாய்ந்துகொண்டிருந்த நாங்கள், மெல்ல மெல்ல அடுத்தவனுக்கு எடுத்துக் கொடுக்கவும் பழகினோம்.

பிறகு வட்டவளையில், தோட்டங்களுக்கிடையிலான இறுதிப் போட்டி. முதல் நாள் கொப்பியை என்னிடம் தந்து, "நாளைக்கு நீ வாசி" என்றான். மறுநாள் ஆறு மணிக்கு மைதானத்தில் லொறி வந்து நிற்கிறது, அவனைக் காணோம். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் பொறுத்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் வாசித்தேன். கொப்பியை மூடும்போது அவன் படிக்கட்டில் இறங்கி வந்தான்.

"பேர் வாசிச்சாச்சா?"

"அட ஏறுடா. இன்னைக்குப் போயி சட்டம் பேசிக்கிட்டு."

"வாசிச்சாச்சுல்ல" என்றவன், தன் சட்டையைக் கழற்றி மாற்று ஆட்டக்காரன் சிவாவிடம் கொடுத்தான். லொறியில் எங்களோடு வந்தான். கோட்டுக்கு வெளியே தண்ணீர்ப் போத்தலோடு உட்கார்ந்திருந்தான். முதல் சுற்றில் தோற்று, அடுத்த இரண்டிலும் வென்றோம். எங்கள் தோட்டத்துக்கு வந்த ஒரே கிண்ணம் அது. அவன் என்னைக் கட்டிப்பிடித்து, "நான் இல்லாம ஜெயிச்சீங்கள்ல, அதுதாண்டா டீம்!" என்றான். கண் கலங்கியிருந்தது. சந்தோஷமா, மனக்குறையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த ஞாயிறு கொப்பியை நீட்டினேன். "நீயே வச்சுக்க" என்றான். அதற்கும் என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

சாவு வீட்டில் அவன் மனைவியிடம் இதைச் சொல்லி அழுதேன். "அன்னைக்கு அஞ்சு மணிக்கே கெளம்பிட்டாருண்ணே. முட்டி வீங்கியிருந்துச்சு. யாருக்கும் சொல்லாதன்னாரு" என்றார்.

அவன் வீடிருந்த லயத்திலிருந்து மைதானத்துக்குப் பத்து நிமிட நடை. மீதி நேரம் எங்கே நின்றான்? முட்டி சரியில்லாவிட்டாலும் கெப்டனை யாரும் வெளியே உட்காரச் சொல்ல மாட்டார்கள் என்று வேண்டுமென்றே பிந்தினானா? இல்லை, வீங்கிய முட்டியோடு தாங்கித் தாங்கி நடந்து, நான் பொறுப்பேன் என்று நம்பி வந்தானா? ஒரு நாள் இது சரியாகப்படுகிறது, மறுநாள் அது. சொல்ல வேண்டியவன் போய்விட்டான்.

அவனுடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் கொப்பி மட்டும்தான். அடக்கம் முடிந்ததும் நாங்கள் மைதானத்தில் கூடினோம். பெயர்களை வாசித்தேன். ஒவ்வொருவராக "இருக்கேன்" என்றார்கள். கடைசியாக அவன் பெயரை வாசித்துவிட்டு நின்றேன். தூறல் போட்டது.

"போதும்டா, மூடு" என்றான் மணி.

"இரு, இன்னும் அஞ்சு நிமிஷம் பார்ப்போம்" என்றேன்.