இல்லாத பக்கத்து வீடு

பிரிக்பீல்ட்ஸில் கொண்டோ அடுக்குமாடி வீடு ஒன்றில் ஏழு மாதக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னைப் பேசியிருந்தார்கள். தாய், சென்னையிலிருந்து ஐடி வேலைக்கு வந்த பெண். மூன்று நாள் போனேன். நான்காம் நாள் அவள் கதவைப் பாதிதான் திறந்தாள். ஆட்களைப் பற்றி விசாரித்துச் சொல்லும் கம்பெனி ஒன்று என்னைப் பற்றி அறிக்கை அனுப்பியிருந்ததாம்.

“நேர்லயே போய் விசாரிச்சாங்களாம் ஆன்டி. நீங்க கோவத்துல பிள்ளைங்கள அடிப்பீங்கன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்களாம்.”

எத்தனை பிள்ளைகளை வளர்த்துக் கொடுத்தவள் நான். யாரிடமும் குரல் உயர்த்தத் தெரியாதவள்.

“எந்த வீடும்மா?”

“சுங்கை வே. உங்க ஐசில இருக்கற அட்ரஸ்.”

சுங்கை வேயில் நாங்கள் முன்பு இருந்த பலகை வீடுகளை இடித்து எவ்வளவோ காலமாகிறது. நாங்கள் சாலாக் செலாத்தான் பிளாட்டுக்கு மாறியும், ஐசி என்கிற அடையாள அட்டையில் முகவரியை மாற்றவில்லை. அந்த வரிசையில் யாருமே மாற்றவில்லை. அது எங்கள் சோம்பேறித்தனம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இல்லாத வீட்டில் யார் வாய் திறந்தது?

“பிள்ளையத் தூக்கிக்கிட்டு வாங்க, பாத்துட்டு வந்துருவோம்” என்றேன். என் குரலா அது என்று எனக்கே தெரியவில்லை.

போய் இறங்கினால், அங்கே பெரிய தார்த் திடல், வரிசையாக லாரிகள். வாசலில் இருந்த காவலாளி சிரித்தார். “இங்க வீடு ஏது ஆன்டி? எல்லாம் லோரிதான் லா.”

“லோரிதான் சொல்லிச்சு போல, நான் பிள்ளைய அடிப்பேன்னு.”

அந்தப் பெண் சிரிக்கவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டு, நானும் கேட்கும்படி பிடித்தாள்.

“எங்க ஆளு நேர்ல போனாரு மேடம். நீலக் கேட்டு வீட்டு அக்காகிட்டதான் பேசினாரு.”

“தம்பி, நான் அங்கதான் நிக்கிறேன். நீலக் கேட்டு எந்தப் பக்கம்னு சொல்லுங்க” என்றேன் நான்.

போன் கட்டாகிவிட்டது.

அந்தப் பெண்ணின் முகம் சிறுத்துப் போனது. “மன்னிச்சுக்குங்க ஆன்டி. இவங்க எப்படிப்பட்ட கம்பெனின்னு நான்தான் முதல்ல விசாரிச்சிருக்கணும். நாளைக்கு வந்துருங்க.”

“வரேன். ஆனா முதல்ல அவுங்க எழுதுனது பொய்யின்னு அவுங்களே எழுதிக் குடுக்கட்டும். அடுத்து நான் வேலைக்குப் போற வீட்டுக்கும் இதைத்தானே அனுப்புவாங்க?”

மறுநாளே ஐசியில் முகவரியை மாற்றிவிட்டேன். இரண்டு வாரமாகிறது. அந்தப் பெண் தினமும் கூப்பிடுகிறாள், பிள்ளை அழுகிற சத்தம் போனில் கேட்கிறது. நான் இன்னும் போகவில்லை. கம்பெனியிலிருந்து ஒரு வரிகூட வரவில்லை. அவர்கள் காகிதத்தில் நான் இன்னும் பிள்ளையை அடிப்பவள்தான்.