வாழ்க்கைத் தரம் திருப்திகரம்

கணக்கெடுக்க ஆள் வருகிறது என்று ஊர் அதிகாரி விதானையார் சொல்லிவிட்டுப் போன அன்றே அம்மா வீட்டைச் சோடிக்கத் தொடங்கிவிட்டாள். வீடு என்பது மரியாதைக்குச் சொல்வது. இந்தியாவில் இருந்த அகதி முகாமிலிருந்து சொந்த ஊரான தோட்டவெளிக்குத் திரும்பிய எங்களுக்குக் கிடைத்தது எட்டுத் தகரமும் ஒரு தறப்பாளும்தான். மத்தியானத்தில் உள்ளே இருந்தால் அவிந்துபோவோம். இந்தக் கணக்கெடுப்பை வைத்துத்தான் மாரிக்கு முன் கல்வீட்டுத் திட்டத்தில் எங்கள் பெயர் வரவேண்டும்.

முகாமில் இலவசமாகக் கிடைத்த ரீவியைக் கப்பலில் கொண்டுவந்திருந்தோம். எங்கள் பக்கம் கரண்ட் கிடையாது. அம்மா அதைத் துடைத்து, பூப்போட்ட துணி விரித்து நடுவில் வைத்தாள். அதன் பக்கத்தில் தன்னுடைய தையல் மெசின். பக்கத்து வீட்டில் இரண்டு கதிரை இரவல். இவ்வளவு காலம் அகதியாகப் பார்த்தவர்கள் இனியாவது மனுஷராகப் பார்க்கட்டும் என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் புத்தி அவ்வளவுதான்.

வந்தவன் சப்பாத்தைக் கழற்றவில்லை. அம்மா கொடுத்த சோடாவைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்தான். ரீவி இருக்கிறது, சரி போட்டான். கதிரைக்கும் சரி. இரவல் என்றேன், படிவத்தில் இரவலுக்குக் கட்டம் இல்லையாம். தைத்துத்தான் மூன்று பிள்ளைகளையும் வளர்த்தேன், இங்கேயும் ஆட்கள் தேடி வருகிறார்கள் என்று அம்மா பெருமையோடு சொன்னாள். 'நிரந்தர வருமானம்' என்று எழுதிக்கொண்டான். தினமும் மீன் சாப்பிடுவீர்களா என்று கேட்டான். கடற்கரையில் இருப்பவன் மீன் தின்னாமல் ஆடா தின்பான்? அதற்கும் ஒரு சரி. இந்த மூளைக்குச் சம்பளம் வேறு.

விதானையார் கந்தோரில் பட்டியல் ஒட்டினார்கள். எங்கள் பெயருக்கு நேரே, 'வாழ்க்கைத் தரம் திருப்திகரம்'. கதிரை தந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு வீடு கிடைத்திருந்தது. எஞ்சின் போட்ட வள்ளம் வைத்திருக்கிற மனிதர். கணக்கெடுக்க வந்த அன்றைக்கு மோட்டார் சைக்கிளைக் கீரிக் கிராமத்தில் தன் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு, கிழிந்த சாரத்தோடு வாசலில் குந்தியிருந்தாராம். கதிரைகளும் எங்களிடம் இருந்ததால் இன்னும் கொஞ்சம் ஏழையாகிவிட்டார். அவர் எனக்குப் புத்தி சொல்ல வந்தார்.

"உங்களை ஆர் சோடிச்சு வைக்கச் சொன்னது? ஒண்டுமில்லை எண்டு சொல்லுறதுதானே."

மேன்முறையீடு எழுதிக் கொடுத்தேன். மறுபடி பார்க்க வருவதாகச் சொன்னார்கள். இந்த முறை எல்லாம் என் ஏற்பாடு. ரீவியும் மெசினும் சாக்கில் சுற்றப்பட்டுப் பக்கத்து வீட்டுக்காரருடைய வலைக் கொட்டிலுக்குப் போயின. தொழில் ஒன்றும் இல்லை என்று சொல்லும்படி அம்மாவுக்குப் பாடமாக்கிக் கொடுத்தேன். அவள் முடியாது என்றாள். மழை வந்தால் தங்கச்சிகளை எங்கே படுக்கவைப்பாய் என்று கத்தினேன்.

அதே ஆள்தான் வந்தான், அதே சப்பாத்து. என்ன தொழில் என்று கேட்டான். அம்மா வெறும் நிலத்தில் இருந்தாள். அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"எனக்கு ஒரு தொழிலும் தெரியாது தம்பி. பிள்ளையளைப் பிச்சை எடுத்துத்தான் வளர்த்தனான்."

பிச்சை என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் அதையும் குனிந்து எழுதிக்கொண்டான்.

அதுவரை அவனையும் பக்கத்து வீட்டுக்காரரையும் கேவலமான பிறவிகள் என்று ஏசித் திரிந்தவன் நான். அதன்பிறகு எனக்கு வாய் வரவில்லை.

வீடு கிடைத்தது. குடிபுகுந்த அன்று அம்மா பால் காய்ச்சி, தங்கச்சிகளுக்கும் வந்தவர்களுக்கும் தன் கையால் கொடுத்தாள். என்னுடையதை நானே ஊற்றிக் குடித்தேன்.