மாமாவின் கைக்குப் போதாத பட்டி

பிரசர் பார்க்கும் மிசின் ஒன்றைச் சொந்தமாக வாங்கி நான் முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுபோன அன்று, அது மாமாவின் கையில் நிற்கவில்லை. நீலத்துணிப் பட்டியைச் சுற்றி ஒட்டிவிட்டுக் காற்றடித்தால், பாதியிலேயே பறபறவென்று ஒட்டு விட்டுப் பட்டி கழன்று அவர் மடியில் விழுந்தது. கூடியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "உன்ர மிசினுக்கு என்னைப் பிடிக்கேல்லை பிள்ளை," என்றார் மாமா. நானும் சிரித்துக்கொண்டே மறுபடி சுற்றினேன். இந்தத் தடவை ஸ்டெதஸ்கோப்பின் தட்டைப் பட்டிக்குள் செருகிவிட்டு, ஒட்டு விடாதபடி இடது உள்ளங்கையால் பட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முள் இறங்கியது, காதில் துடிப்புக் கேட்டது, இலக்கம் வந்தது. மிசின் தன்னால் முடியாது என்று வாய் திறந்து சொன்ன மாதிரித்தான் அந்தப் பட்டி கழன்றது. அதன் வாயை நான் கையால் பொத்தினேன்.

மாமா என் அம்மாவின் தமையன். மன்னார்த் தீவின் வடகரையில் எங்கள் ஊர். மீசை அரும்பிய நாளிலிருந்து அவர் கரைவலை இழுத்தவர். கடலில் வளைத்துவிட்ட வலையைக் கரையில் நின்று இரண்டு பக்கக் கயிற்றாலும் இழுத்தெடுக்கும் வேலை அது. இப்போது உழவு மிசின் பூட்டி இழுக்கிறார்கள், அப்போது ஆட்கள்தான். வருடக்கணக்காகக் கயிறு இழுத்து அவருடைய புயங்கள் இரண்டும் பனங்குற்றி போலத் திரண்டிருந்தன. சட்டை தைப்பவர் கையை மட்டும் வேறாக அளந்து வெட்டுவார். கோயில் பெருநாளில் மாதாவின் சிலை வைத்த சுருவக் கூட்டைக் கொம்பு கட்டித் தோளில் சுமப்பவர்களும் கரைவலைக்காரர்தான். முன்கொம்பின் வலதுபக்கம் மாமாவுடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, ஆனால் அந்த இடத்தில் வேறொருவர் தோள் வைத்து நான் கண்டதில்லை. கூடு கோயில் வாசலைத் தாண்டும்போது கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து ஒரு பார்வை பார்ப்பார். நான் நேர்சாக வந்த பிறகும் அந்தப் பார்வைக்காகவே பெருநாளுக்கு லீவு எடுத்துக்கொண்டு வருவேன்.

அப்போது எனக்கு வேலை பெருநிலத்தில், கரையோரத்துச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில். கிழமைக்கடைசியில் வீட்டுக்கு வந்தால் மிசினைத் தூக்கிக்கொண்டு சொந்தக்காரர் வீடுவீடாகப் போவேன். புது நேர்சின் எடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமா கரையிலிருந்து நேரே வருவார், உப்புத்தண்ணி காய்ந்த உடம்போடு. முற்றத்தில் நின்றே ஒரு பீடியை ஊதி முடித்து, மாமி கொடுக்கும் பிளேன்ரீயைக் குடித்துவிட்டுக் கையை நீட்டுவார். கை கதிரைச் சட்டத்துக்கு வெளியே தொங்கும். கால்மேல் கால் போட்டிருப்பார். அன்று பட்ட மீனைப் பற்றிய கதையும் நிற்காது. இதில் ஒவ்வொன்றுமே இலக்கத்தைக் கூட்டும் என்று நான் படித்திருந்தேன். சோதனையில் எழுதிப் புள்ளியும் வாங்கினேன். பெரிய கைக்குப் பெரிய பட்டி போடவேண்டும் என்பதும் அந்த விடையில் இருந்தது. ஆனால் பெரிய கை என்றால் கொழுத்த கை என்றே நான் விளங்கி வைத்திருந்தேன். மாமாவின் உடம்பில் கொழுப்பு என்று கிள்ளிப்பார்க்கக்கூட ஒன்றுமில்லை. அந்தக் கையை நான் பலத்தின் கணக்கில் போட்டேனே தவிர, அளவின் கணக்கில் போடவில்லை.

இலக்கம் கூடவே காட்டியது. நான் பயந்துபோய் அவரை எங்கள் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனேன். அங்கேயும் அதே அளவுப் பட்டிதான், பிடித்ததும் நான்தான். டொக்டர் குளிசை எழுதினார். நான் சொன்ன இலக்கத்தை வைத்துப் பிறகு அளவைக் கூட்டினார், இன்னும் ஒன்று சேர்த்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மாதாமாதம் குளிசையை வாங்கி, பையில் பத்திரமாக வைத்து, பஸ்ஸில் கொண்டுவந்து மாமியின் கையில் கொடுத்தவளும் நான்தான். மாமி கறிக்கு உப்பை நிறுத்தினாள். கருவாடு வீட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டாள். மாமா முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிட்டார். "பிள்ளை சொன்னால் சரியாத்தான் இருக்கும்," என்பார். ஊரில் யாராவது மருந்தை மறுத்தால் அவரையே உதாரணம் காட்டி நான் பெருமை பேசியிருக்கிறேன்.

எழும்பும்போது தலை சுற்றுகிறது என்று அவர் சொன்னார். பிரசர்தான் என்றேன், குளிசையை விடாதேங்கோ என்றேன். ஒரு நாள் மீன் சேர்ந்த வலையின் மடி கரைக்கு வந்த நேரம், குந்தியிருந்தவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்ப, கண் இருட்டி அப்படியே தண்ணீருக்குள் சரிந்துவிட்டார். இடுப்பளவுத் தண்ணீர்தான். பக்கத்தில் நின்றவர்கள் இழுத்துப் போட்டிராவிட்டால் அதுவே போதுமாக இருந்திருக்கும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் பின்னேரம் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். "அண்ணை, நீங்கள் இனி கயிறு பிடிக்க வேண்டாம். நிழலில இருந்து கிழிஞ்ச வலையைப் பொத்துங்கோ. உங்களுக்கு ஒண்டு நடந்தால் நான் இந்தப் பிள்ளையளுக்கு என்ன சொல்லுறது?" என்றார். மாமா என்னைப் பார்த்தார். ஓம், அதுதான் நல்லது என்று நானே தலையாட்டினேன். அந்த வருடப் பெருநாளில் முன்கொம்பின் வலதுபக்கத்தை அவர் தம்பி முறையான ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். கூடு வெளியே வந்தபோது மாமா பெண்களோடு நின்று மெழுகுதிரி பிடித்திருந்தார். என்னைத் தேடிப் பார்க்கவில்லை.

வருடங்கள் போயின. அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு டொக்டரம்மா எங்கள் கரைக்கு ஆராய்ச்சிக்கு வந்தார். பிரசர் பார்க்கும்போது எதெது இலக்கத்தை மாற்றுகிறது என்பதே ஆராய்ச்சி. ஒரே ஆளைப் பேசாமல் ஆறுதலாக இருத்தியும் பார்ப்பார், கதைக்கவிட்டும் பார்ப்பார். கையைத் தொங்கவிட்டும், மேசையில் நெஞ்சளவுக்கு வைத்தும், சின்னப் பட்டியும் பெரிய பட்டியும் மாற்றிமாற்றிப் போட்டும் பார்ப்பார். உதவிக்கு என்னை விட்டிருந்தார்கள். முதல் நாளே மற்றவர்களுக்கு முன்னால் என்னைப் பிடித்தார். "மிஸ்ஸி, தட்டைப் பட்டிக்குள்ள செருகாதேங்கோ. பட்டி கழண்டால் அமத்திப் பிடிக்காதேங்கோ. கழண்டால் அது அந்தக் கைக்குரிய பட்டி இல்லை." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். மாமாவின் கையில் பட்டி கழன்ற பறபற என்ற அந்தச் சத்தம் என் காதுக்குள் கேட்டது.

அவர்களுக்குக் கடல் தொழிலாளர் வேண்டியிருந்தது. மாமாவை நானே கூட்டிவந்தேன். பயத்தோடுதான் கூட்டிவந்தேன், நான் நினைப்பது பிழையாக இருக்கவேண்டும் என்று மாதாவுக்கு நேர்த்தி வைத்துக்கொண்டு. அவர் முதுகைச் சாய்த்து, பாதங்களை நிலத்தில் வைத்து, பேசாமல் இருந்தார். டொக்டரம்மா பெரிய பட்டியைச் சுற்றினார். அது வடிவாகப் பொருந்தி அமைதியாக நின்றது. இலக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா குளிசை எவ்வளவு போடுறார்?" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் திரும்பவும் பார்த்தார். பிறகு என் பழைய பட்டியைப் போட்டுப் பார்த்தார், இலக்கம் எகிறியது. இரண்டு இலக்கத்துக்கும் நடுவில் இருந்த தூரம் எனக்கு விளங்கியது. பல நாள் காலையில் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி டொக்டரோடும் பேசிக் குளிசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். கடைசியில் ஒன்றுமே தேவைப்படவில்லை. தலைச்சுற்று நின்றுவிட்டது.

மாமாவுக்குப் பிரசரே இருந்ததில்லை, பிழை நான் பார்த்த முறையில்தான் என்பதை நான்தான் அவருக்குச் சொல்லவேண்டும் என்று நின்றேன். ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு போய்ச் சொன்னேன். முதலில் வெடித்தது மாமி. "அப்ப இத்தனை வருசமாய் இந்த மனிசனுக்கு உப்பில்லாத கறி வைச்சுக் குடுத்தது என்னத்துக்கடி?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். உள்ளே சட்டி பானை உருளும் சத்தம் கேட்டது. மாமா பொத்திக்கொண்டிருந்த வலையைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் அண்டைக்கு ஏன் விழுந்தனான்?"

"குளிசை கூடினதால மாமா. நான் கொண்டந்து தந்த குளிசையால."

அவர் ஏசினால் தாங்கிக்கொள்ளலாம் என்று நான் ஆயத்தமாக இருந்தேன். அவர் கேட்டதோ வேறு.

"இதை அந்த டொக்டரம்மாவுக்கும் சொல்லிப்போட்டியோ, பார்த்தது நீதான் எண்டு?"

"ஓம் மாமா."

"ஏன் சொன்னனீ? உன்ர வேலைக்கு ஏதும் வந்தால் என்ன செய்யிறது?"

நான் அழுதேன். அதைவிட அவர் ஒரு அறை விட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். என் வேலைக்கு ஒன்றும் வரவில்லை. நேர்சுகளுக்கு வகுப்பு எடுக்கும்போது இப்போது நான் பட்டியில்தான் தொடங்குவேன், நன்றாகப் படிப்பிக்கிறேன் என்று பெயரும் இருக்கிறது. அந்தப் பெயர் யாருடைய தோளைக் கொடுத்து வாங்கியது என்று வகுப்பில் சொல்வதில்லை.

அடுத்த பெருநாளுக்கு மாமா புதுச்சாரம் கட்டி வந்தார். முன்கொம்பில் நின்றவர் பார்த்தவுடனே விலகி இடம் கொடுத்தார். மாமா தோள் வைத்தார், கூடு எழும்பியது. வாசலைத் தாண்டியபோது என்னைத் தேடிப் பிடித்து அந்தப் பார்வையையும் பார்த்தார். முதல் திருப்பம் வரைக்கும் போகவில்லை. முகம் வெளிறி, முழங்கால் நடுங்கி, தானாகவே பக்கத்தில் நின்ற பெடியனைக் கூப்பிட்டுக் கொம்பை மாற்றிக் கொடுத்தார். "பிரசர் இல்லையடி, பழக்கம் விட்டுப்போச்சு," என்று பிறகு எனக்குத்தான் ஆறுதல் சொன்னார். அதற்குப் பிறகு அவர் கேட்கவுமில்லை, யாரும் கூப்பிடவுமில்லை.

போன கிழமை அவருக்குப் பிரசர் பார்க்கப் போயிருந்தேன். வயதாகிவிட்டது, பார்க்கத்தான் வேண்டும். இப்போது எல்லாம் முறைப்படி. சலம் கழித்துவிட்டு வரச் சொன்னேன், கதிரையில் சாய்ந்திருக்கச் சொன்னேன், கையை மேசையில் வைத்தேன். பேசாமல் இருக்கவேண்டிய அந்த ஐந்து நிமிடமும் எதிரே உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. பிறகு பெரிய பட்டியை எடுத்துச் சுற்றினேன். அது தன்னில் போட்டிருந்த அளவுக்கோட்டைத் தாண்டி வெகுதூரம் போயிற்று. கழற்றிவிட்டு இன்னொருமுறை சுற்றினேன், அப்போதும் அப்படித்தான். பையின் அடியில் கிடந்த பழைய நீலப் பட்டியை எடுத்தேன். அது அவர் கையைச் சுற்றி அளவாகப் படிந்தது. காற்றை அடித்தேன், ஒட்டு அசையவில்லை.

மாமா குனிந்து அதைப் பார்த்தார். அவருக்கும் அந்த நாள் ஞாபகம் வந்திருக்கவேண்டும், சிரித்தார்.

"பார்த்தியோ பிள்ளை, உன்ர மிசினுக்கு இப்ப என்னைப் பிடிச்சிட்டுது."

"கதைக்காதேங்கோ மாமா," என்றேன். "கதைச்சால் கூடக் காட்டும்."