இரண்டாவது துவையல்

அனல்மின் நிலையத்துச் சாம்பலைப் பறக்காமல் மூடித்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தால் செலவென்ன, பலனென்ன என்று கணக்கிடும் வேலை புள்ளியியல் துறை அக்காவுக்கு வந்தது. செலவை ஆலைக்காரர்களே சல்லிக்காசு விடாமல் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பலன் பக்கம்தான் காலியாகக் கிடந்தது. அதனால் சாம்பல் மேட்டை ஒட்டிய தெருவுக்கே போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார்.

"சாம்பலால உங்களுக்கு என்னம்மா நஷ்டம்?"

"ஒண்ணுமில்லையே!" என்றபடி வீட்டுக்காரம்மா, கொடியில் காய்ந்த சட்டையில் படிந்திருந்த சாம்பலை உதறி, அதை மறுபடி வாளியில் முக்கினார்.

"காஞ்ச துணிய ஏன் நனைக்கிறீங்க?"

"ரெண்டாவது தடவை துவைக்கத்தான். நீங்க ஒரு தடவையோட விட்டுடுவீங்களா?" என்று அந்தம்மா மூக்கைச் சுளித்தார்.

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தெரு முழுக்க ஏறி இறங்கி, தண்ணீர், சோப்பு, இடுப்புவலி எல்லாவற்றையும் பலன் பக்கம் சேர்த்தார்.

"இடுப்புவலியெல்லாம் ஒரு கணக்கா?" என்று முறைத்தார் மேலதிகாரி.

"ஞாயித்துக்கிழமை வீட்டுத் துணிய நீங்க ரெண்டு தடவை துவைச்சுப் பாருங்க சார். அப்புறமா வேணும்னா அந்த வரிய அடிச்சுடுங்க."

திங்களன்று மேலதிகாரி நிமிர முடியாமல் வந்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.